பதினொரு கட்டத்தில் ஏழு எழுத்து

ஏலாக்குறிச்சி என்ற ஊர்ப் பெயரில் ஏழு எழுத்து. ஏ, லா, க், கு, றி, ச், சி என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அதே பெயரை ஜாவா நிரலிடம் கொடுத்து நீளம் கேட்டால் 13 என்கிறது. யூடிஎஃப்-8 முறையில் கோப்பில் சேமித்தால் 39 பைட் பிடிக்கிறது. பழைய அகல அட்டவணையைப் பின்பற்றும் டெர்மினலில் அச்சிட்டால் கர்சர் 11 கட்டம் நகர்ந்து நிற்கிறது. நான்கு விடையும் அதனதன் கணக்கில் சரிதான். ஆனால் டெர்மினலுக்குள் வெறும் எழுத்துகளை வைத்தே சாளரம் கட்ட நினைப்பவருக்கு வேண்டியது கடைசி எண். அது ஒன்று பிசகினாலும் சாளரத்தின் வலப்பக்கச் சுவர் சரியும்.

இந்த ஊரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அரியலூர் மாவட்டம் திருமானூர் ஒன்றியத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது ஏலாக்குறிச்சி. இத்தாலியின் காஸ்திலியோனே ஊரில் 1680-இல் பிறந்து, 1710-இல் இந்தியா வந்த கான்ஸ்தன்தீன் ஜோசப் பெஸ்கி இங்கே நெடுங்காலம் பணியாற்றினார். நமக்கு அவர் வீரமாமுனிவர். அடைக்கல மாதா கோயில் அவர் பெயரோடு சேர்ந்தே அறியப்படுகிறது. இவ்வூருக்கு அவர் இட்ட பெயர் திருக்காவலூர். எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் வரிவடிவிலேயே பிரித்துக் காட்டும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர் என்று அவரைப் போற்றுகிறோம். குறிலான எ, ஒ இரண்டுக்கும் மேலே புள்ளி வைக்க வேண்டும் என்பது தொல்காப்பிய மரபு. ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். குறிலா நெடிலா என்பதை இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. இன்று யூனிகோடில் எ, ஏ இரண்டுக்கும் தனித்தனிக் குறியெண் இருக்கிறது. ஏலாக்குறிச்சியின் முதல் எழுத்தே அந்தப் பிரிப்பினால் தெளிவு பெற்ற எழுத்து.

அவர் 1732-இல் முடித்த சதுரகராதி இந்த அத்தியாயத்துக்கு இன்னும் நெருக்கமானது. பெயருக்கு ஏற்றபடி அதில் நான்கு பகுதிகள். ஒரு சொல்லின் பல பொருள்களைத் தருவது பெயரகராதி. ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்களைத் தருவது பொருளகராதி. தொகைப் பெயர்களை விரித்துக் காட்டுவது தொகையகராதி. எதுகைச் சொற்களை அடுக்குவது தொடையகராதி. ஒரே நேரத்தில் நான்கையும் கண்முன் விரித்துப் பார்க்க அச்சுப் புத்தகத்தில் வழியில்லை. டெர்மினல் திரையை நான்காகப் பிரித்தால் முடியும். மேலே ஒரு தேடல் பெட்டி, கீழே நான்கு சாளரம். ஜாவாவில் அதைக் கட்டுவது எப்படி என்பதை வைத்தே மற்றதையெல்லாம் பேசிவிடலாம்.

முதலில் டெர்மினல் என்பது என்ன? கட்டம் போட்ட கணக்கு நோட்டின் ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்தில் ஓர் எழுத்து, அவ்வளவே. 1978-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வெளியிட்ட விடி-100 கருவியில் ஒரு வரிக்கு 80 கட்டம், மொத்தம் 24 வரி; ஆக 1,920 கட்டம். அந்த 80 என்ற எண் 1928-இல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையிலிருந்து வழிவழியாக வந்தது. இன்றைக்கு மடிக்கணினியில் நாம் திறக்கும் டெர்மினல் அந்தக் கருவியின் நடத்தையை மென்பொருளாகச் செய்துகாட்டுகிறது. நிரல் அதற்கு அனுப்புவது பைட்டுகளின் ஒற்றை ஓடை. அதில் 27 என்ற பைட் வந்தால் அடுத்து வருவது கட்டளை என்று பொருள். 27-ஐயும் இடது சதுர அடைப்பையும் அடுத்து 5, அரைப்புள்ளி, 10, பெரிய எச் என்று அனுப்பினால் கர்சர் ஐந்தாம் வரியின் பத்தாம் கட்டத்துக்குத் தாவும். நிறம் மாற்ற ஒரு கட்டளை, திரையைத் துடைக்க ஒன்று, கர்சரை மறைக்க ஒன்று. சாளரம் என்று ஒன்றைப் படைக்க இதில் கட்டளையே இல்லை.

ஆகவே சாளரம் என்பது முழுக்க முழுக்க நிரலின் மனத்தில் இருக்கும் பொருள். ┌ ─ ┐ │ போன்ற கோட்டு எழுத்துகளை உரிய கட்டங்களில் வைத்தால் நம் கண் அதைப் பெட்டி என்று ஏற்கிறது. யூனிகோட் இத்தகைய கோட்டு எழுத்துகளுக்கென்றே 128 இடம் ஒதுக்கியிருக்கிறது. ஒரு சாளரத்தின் மேல் இன்னொன்று வந்தால், பின்னதை முதலில் வரைந்து முன்னதை அதன் மேல் வரைய வேண்டும். முன்னதை மூடினால் அடியில் இருந்தது தானாகத் தெரியாது. அதை நிரலே நினைவில் வைத்திருந்து மறுபடி வரைய வேண்டும்.

இந்தச் சுமையை முதலில் ஒரு லைப்ரரியாகத் திரட்டியவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த கென் ஆர்னால்டு. 1980-ஐ ஒட்டி அவர் எழுதிய கர்சஸ் என்ற லைப்ரரியின் கருத்து மிக அழகானது. நிரல் நேரடியாகத் திரையில் எழுதாது. நினைவகத்தில் திரைக்கு இரண்டு நகல் இருக்கும். ஒன்று இப்போது திரையில் இருப்பது, மற்றது அடுத்து இருக்க வேண்டியது. நிரல் இரண்டாவதில் விருப்பம்போல் எழுதிக்கொள்ளும். புதுப்பிக்கச் சொன்னதும் லைப்ரரி இரண்டையும் கட்டம் கட்டமாக ஒப்பிட்டு, மாறிய கட்டங்களை மட்டும் அனுப்பும். தொலைபேசிக் கம்பி வழியே எழுத்துகள் மிக மெதுவாகவே போன அந்தக் காலத்தில் இது தேவையாக இருந்தது. தொலைவில் உள்ள சர்வரை எஸ்எஸ்எச் மூலம் மெதுவான இணைப்பில் இயக்குபவருக்கு இன்றும் அது தேவைதான். இந்த ஒப்பீட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழுக்கு வரும் பாதிச் சிக்கல் இங்கேதான் பிறக்கிறது.

ஜாவாவுக்கு வருவோம். எந்த இயந்திரத்திலும் ஓட வேண்டும் என்ற கொள்கையால் ஜாவா டெர்மினலிலிருந்து விலகியே நின்றது. சாதாரண ஜாவா நிரலுக்கு விசைப்பலகையில் தட்டியது உடனே கிடைக்காது. எண்டர் அழுத்தும் வரை இயங்குதளம் வரியைப் பிடித்து வைத்திருக்கும். தட்டிய எழுத்தைத் திரையில் தானே காட்டவும் செய்யும். சாளர நிரலுக்கு இவை இரண்டும் ஆகாது. அம்புக்குறியை அழுத்தியதும் தேர்வு நகர வேண்டும். இந்த வரிப்பிடிப்பை நிறுத்தும் கட்டளை ஜாவாவின் அடிப்படை வகுப்புகளில் இல்லை. 2006-இல் ஜாவா 6 கொண்டுவந்த கன்சோல் வகுப்பு, கடவுச்சொல்லைத் திரையில் காட்டாமல் வாங்கும் அளவுக்கே உதவியது.

வழி தேடியவர்கள் பலர். ஜேகர்சஸ், சார்வா என்ற இரண்டு லைப்ரரிகளும் சி மொழியில் எழுதிய கர்சஸை ஜாவாவோடு பிணைத்தன. இவற்றில் சார்வா எனக்குப் பிடித்த முயற்சி. ஜாவாவின் வரைகலைச் சாளரங்களுக்கான ஸ்விங் எப்படிப் பெயர் வைத்திருந்ததோ, அதே பெயர்களும் அதே அழைப்புகளும் எழுத்துத் திரைக்கும் கிடைத்தன. ஆனால் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனியாக ஒரு சி கோப்பைத் தொகுத்துச் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. மார்ட்டின் பெர்க்லண்ட் எழுதிய லாண்டர்னா முழுக்க ஜாவாவிலேயே அமைந்தது. யூனிக்ஸ் வகை இயந்திரங்களில் எஸ்டிடிஒய் என்ற சிறு கருவியை வெளியிலிருந்து ஓடவிட்டு வரிப்பிடிப்பை நிறுத்துகிறது. டெர்மினலே இல்லாத இடத்தில் ஸ்விங் சாளரம் ஒன்றைத் திறந்து அதையே டெர்மினலாக ஆக்கிக்கொள்கிறது. வரித் திருத்தத்துக்கு ஜேலைன் இருக்கிறது. 2017-இல் ஜாவா 9-உடன் வந்த ஜேஷெல் உள்ளே பயன்படுத்துவது அதைத்தான். 2024-இல் வந்த ஜாவா 22, இயங்குதளத்தின் சி செயற்கூறுகளை ஜாவாவிலிருந்தே நேரடியாக அழைக்கும் வசதியை நிலைப்படுத்தியது. இனி இடையில் சி கோப்பு வேண்டியதில்லை.

நம் அகராதிக்கு லாண்டர்னா பொருந்தும். அதில் மூன்று அடுக்கு. அடியில் டெர்மினல், அது பைட்டும் கட்டளையும் அறியும். நடுவில் ஸ்கிரீன், நான் மேலே சொன்ன இரண்டு நகலும் ஒப்பீடும் இங்கே. மேலே சாளரம், பலகம், பொத்தான், உரைப்பெட்டி, பட்டியல் எல்லாம் உள்ள அடுக்கு. ஒரு சாளரத்துக்குள் பலகம் ஒன்றை வைத்து, அதற்கு இரண்டு நெடுவரிசைக் கட்ட அமைப்பைக் கொடுத்து, பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பட்டியலை இட்டால் சதுரகராதியின் உருவம் வந்துவிடும். ஒவ்வொன்றையும் தலைப்புள்ள கோட்டுச் சட்டத்தில் பொதியலாம். டேப் விசை ஒரு சட்டத்திலிருந்து அடுத்ததற்குக் கவனத்தை நகர்த்தும். டெர்மினலின் அளவை மாற்றினால் அமைப்பு மறுபடி கணக்கிடப்பட்டு நான்கும் சேர்ந்து விரியும், சுருங்கும்.

ஒரு நுட்பத்தை மட்டும் சொல்லிக் கடக்கிறேன். மேல் அம்புக்குறியை அழுத்தினால் டெர்மினல் நிரலுக்கு அனுப்புவது 27, 91, 65 என்ற மூன்று பைட். எஸ்கேப் விசையை அழுத்தினால் 27 மட்டும். 27 வந்ததும் அது தனி விசையா, அம்புக்குறியின் தலையா என்று எந்த நிரலாலும் உடனே சொல்ல முடியாது. சில மில்லிநொடி காத்திருந்து, பின்னால் ஏதும் வராவிட்டால் எஸ்கேப் என்று முடிவு செய்வதே எல்லா லைப்ரரிகளின் வழக்கம். எஸ்கேப் விசைக்கு மட்டும் நிரல் சற்றுத் தயங்கிப் பதில் சொல்வதாகத் தோன்றினால் காரணம் இதுதான்.

ஆங்கிலச் சொற்களை இட்டுப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக நிற்கும். தமிழை இட்டதும் வலச்சுவர் வரிக்கு வரி உள்ளும் புறமுமாக ஆடத் தொடங்கும்.

காரணத்தை விளக்க இரண்டு சொல் போதும்: கிளி, கீரி. இரண்டிலும் இரண்டெழுத்து, இரண்டிலும் நான்கு குறியெண். பழைய அட்டவணைப்படி கிளி பிடிப்பது 4 கட்டம், கீரி பிடிப்பது 3. யூனிகோட் துணைக்குறிகளை இரண்டாகப் பிரிக்கிறது. எழுத்துக்குப் பக்கத்தில் இடம் பிடிப்பவை ஒரு வகை. எழுத்தின் மேலோ கீழோ அமர்ந்து இடம் பிடிக்காதவை மற்றொரு வகை. தமிழில் புள்ளியும் ஈகாரக் கொம்பும் இடம் பிடிக்காதவை என்று பதிவாகியிருக்கின்றன. இகரக் கொம்பும் உகர, ஊகாரக் குறிகளும் இடம் பிடிப்பவை என்று பதிவாகியிருக்கின்றன. குறியெண்ணைக் கட்ட எண்ணிக்கையாக மாற்ற கேம்பிரிட்ஜின் மார்க்கஸ் கூன் எழுதிய சிறு சி நிரல் உலகெங்கும் பரவியது. இடம் பிடிக்காத குறிக்கு 0, சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துக்கு 2, மற்ற எல்லாவற்றுக்கும் 1. இந்தக் கணக்கில் கி என்பது 2 கட்டம், கீ என்பது 1 கட்டம். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே அகலம். கிழக்காசிய எழுத்துகளை மனத்தில் வைத்து வகுத்த கணக்கு அது. அதில் நம் உயிர்மெய் பொருந்தாமல் போனது தமிழின் குறை இல்லை. தமிழைப் பயன்படுத்தியவர்கள் அந்த மேசையில் போதிய எண்ணிக்கையில் இல்லாததன் விளைவு.

கொள்ளிடம் என்ற சொல்லில் சிக்கல் இன்னும் ஆழம். ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் சேமிக்கலாம், இடப்பக்க ஒற்றைக் கொம்பு, வலப்பக்கக் கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். யூனிகோட் இரண்டையும் சமம் என்கிறது; கண்ணுக்கும் ஒன்றே. கட்டக் கணக்கு மட்டும் முதல் வகையில் 7, இரண்டாம் வகையில் 8. ஒரே ஆறு, இரண்டு அகலம். இதற்கு மருந்து எளிது. ஜாவாவில் நார்மலைசர் என்ற வகுப்பு இருக்கிறது. உள்ளே வரும் எல்லாத் தமிழையும் வாசலிலேயே அதன் வழியாகச் சேர்ப்பு வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

ஒப்பீட்டுச் சிக்கலுக்கு இப்போது வரலாம். கட்டத்துக்கு ஒரு குறியெண் என்று வைத்திருக்கும் லைப்ரரியில் ஒரு வரி கை என்பதிலிருந்து கா என்று மாறுகிறது என்று கொள்வோம். முதல் கட்டத்தில் அதே க. இரண்டாம் கட்டத்தில் மட்டும் மாற்றம். எனவே லைப்ரரி கர்சரை இரண்டாம் கட்டத்துக்கு நகர்த்தி வெறும் காலை மட்டும் அனுப்புகிறது. மெய்யில்லாத கால்! அது திரையில் புள்ளியிட்ட வட்டத்தோடு தொங்குகிறது. முதல் கட்டத்தில் பழைய ஐகாரக் கொம்பின் எச்சம் கிடக்கிறது. பக்கவாட்டில் நகரும் பட்டியலில் சொல்லின் முதல் பாதி வெட்டுப்பட்டு, மிச்சம் புள்ளியிலிருந்து தொடங்கினால் இன்னும் மோசம். அந்தப் புள்ளி தனக்கு முன்னால் இருக்கும் கட்டத்தில் ஏறிக்கொள்ளும். முன்னால் இருப்பது சாளரத்தின் இடச்சுவர்.

நம் எழுத்தைக் கட்டத்துக்குள் அடக்கும் வேலை கணினிக்கு முன்பே தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா விசைகளை வகுத்த தமிழ்த் தட்டச்சுப் பொறியிலும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அளவு நகர்வுதான். அங்கே புள்ளிக்கு நகராத விசை. அதை அழுத்தினால் புள்ளி விழும், வண்டி நகராது; அடுத்து மெய்யைத் தட்டினால் அதே இடத்தில் சேர்ந்துகொள்ளும். 1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ஏற்ற பெரியார் எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை, னை போன்றவற்றின் தனி வடிவங்களை நீக்கி, மெய்யும் குறியும் பிரிந்து நிற்கும் பொது வடிவத்துக்குக் கொண்டுவந்தது. அச்சுக்கும் தட்டச்சுக்கும் கிடைத்த அந்த எளிமை டெர்மினலுக்கும் கிடைத்தது. இல்லையென்றால் இன்னும் பல எழுத்துகளுக்குத் தனி வடிவம் தேடிக்கொண்டிருப்போம்.

இந்திய எழுத்துகளை எழுத்துத் திரைக்குக் கொண்டுவந்த பெரிய முயற்சி கான்பூர் ஐஐடியில் தொடங்கி, 1988-இல் புனேயில் உருவான சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ஜிஸ்ட் தொழில்நுட்பம். மோகன் தாம்பே அதில் முதன்மையானவர். கணினிக்குள் ஜிஸ்ட் அட்டையைச் செருகினால், ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட டிபேஸ் போன்ற டாஸ் நிரல்கள் அப்படியே தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் திரையில் காட்டும். நிரலை யாரும் திருத்த வேண்டியதில்லை. எழுத்தைக் கோத்துக் காட்டும் பொறுப்பை அட்டையே ஏற்றது. டெர்மினல் பற்றிப் பேசும்போது இந்த நாட்டில் நாம் மறக்கக்கூடாத சாதனை அது. விண்டோஸ் வந்ததும் அந்தத் தேவை குறைந்தது. எழுத்துத் திரையில் தமிழ் என்ற கேள்வியே பலருக்கு மறந்து போனது.

மறந்ததற்கு விலை உண்டு. 2007-இல் வெளியான டெபியன் 4.0 லினக்ஸில் நிறுவும் நிரல் தமிழிலும் கிடைத்தது. ஆனால் அதன் வரைகலை வடிவத்தில் மட்டும். எழுத்துச் சாளரங்களால் ஆன வடிவத்தில் தமிழைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. இந்தி, வங்காளம், குஜராத்தி, மலையாளம், பஞ்சாபிக்கும் அதே நிலை. லினக்ஸ் கெர்னலின் சொந்தக் கன்சோலில் ஒரு நேரத்தில் 256 அல்லது 512 எழுத்துருவங்களே ஏற முடியும். குறியையும் மெய்யையும் கோக்கும் திறனும் அதற்கு இல்லை. எனவே பழைய கணினியை வைத்திருப்பவருக்கு, வரைகலை ஓடாத இயந்திரத்தை நம்பியிருப்பவருக்கு, தமிழ் கிடைக்கவில்லை.

இனி தீர்வு. முதல் விதி: கட்டத்தில் வைக்கும் அலகு எழுத்தாக இருக்க வேண்டும், குறியெண்ணாக இருக்கக்கூடாது. ஜாவாவில் சரத்தை எழுத்தெழுத்தாகப் பிரிக்க பிரேக்-இட்டரேட்டர் என்ற வகுப்பு இருக்கிறது. யூனிகோடின் எழுத்துத் தொகுதி விதிகளை அது முழுமையாகப் பின்பற்றத் தொடங்கியது ஜாவா 20-இல். அதைவிடப் பழைய ஜாவாவில் இருப்பவர்கள் ஜாவா 9 முதல் உள்ள ரெகுலர் எக்ஸ்பிரஷன் வழியைப் பயன்படுத்தலாம். இரண்டுமே ஏலாக்குறிச்சியை ஏழாகப் பிரித்துத் தரும். க்ஷ மட்டும் க், ஷ என்று இரண்டாக வரும். அதையும் ஸ்ரீ-யையும் நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இது திரைக்கான விதி மட்டும் இல்லை. தொடையகராதிச் சாளரத்துக்கு எதுகை தேட வேண்டும். எதுகை என்றால் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. பாடம் என்ற சொல்லின் இரண்டாம் எழுத்து ட. ஜாவாவிடம் இரண்டாவது கேரக்டரைக் கேட்டால் அது பகரத்தின் காலைத் தரும். அப்படி எழுதிய நிரல் பாடம், பாலம், காகம், மாலை என்று முதலெழுத்து ஆகார உயிர்மெய்யாக வரும் சொல்லையெல்லாம் ஒரே எதுகையில் கட்டிவிடும். யாப்பிலக்கணம் எண்ணும் எழுத்தும் திரைக்கு வேண்டிய எழுத்தும் ஒன்றாக இருப்பது நமக்குக் கிடைத்த வசதி. ஒரே பிரிப்பு இரண்டுக்கும் உதவும்.

இரண்டாவது விதி, அகலத்தை ஊகிக்காமல் டெர்மினலையே கேட்பது. 27, அடைப்பு, 6, சிறிய என் என்று அனுப்பினால், கர்சர் இப்போது எந்த வரியில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று டெர்மினல் பதில் எழுதும். கர்சரை முதல் கட்டத்தில் வைத்து, ஓர் எழுத்தை அச்சிட்டு, இடத்தைக் கேட்டால் அந்த டெர்மினலில் அந்த எழுத்தின் அகலம் தெரிந்துவிடும். தமிழில் எழுத்துகளுக்கு எல்லை உண்டு. உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமும் சேர்த்து 247. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ வரிசைகளையும் ஸ்ரீ-யையும் சேர்த்தால் 313. நிரல் தொடங்கும்போது 313 எழுத்தையும் ஒரே மூச்சில் அனுப்பி, வரிசையாக வரும் 313 பதிலையும் படித்து அட்டவணையாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காத்திருக்கக்கூடாது; தொலைவில் உள்ள சர்வரில் அது பொறுக்க முடியாத தாமதமாகும். பதில்கள் விசைப்பலகையின் ஓடையிலேயே கலந்து வரும் என்பதால், அவற்றைப் படித்து முடிக்கும் வரை பயனர் தட்டுவதை ஒதுக்கி வைத்திருந்து பிறகு கொடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான எழுத்துள்ள மொழிக்கு இந்த வழி கனக்கும். தமிழுக்கு இது கைக்கு அடக்கமானது. இதையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.

மூன்றாவது விதி சுவரைப் பற்றியது. உள்ளே இருக்கும் சொல்லின் அகலத்தைக் கணக்கிட்டு, மீதிக்கு இடைவெளி நிரப்பி, அதன் பின்னால் சுவர் எழுத்தை அனுப்புவதுதான் பலர் எழுதும் முறை. அதில் கணக்கின் பிழை முழுவதும் சுவரில் வந்து சேரும். அதற்குப் பதிலாக, தமிழ் உள்ள ஒவ்வொரு வரியிலும் முதலில் சாளரத்தின் உட்பகுதியைத் துடைத்து, சொல்லை எழுதி, பிறகு கர்சரைச் சுவர் நிற்க வேண்டிய கட்டத்துக்கே நேராக அனுப்பிச் சுவரை வரைய வேண்டும். சொல் ஒரு கட்டம் கூடினாலும் குறைந்தாலும் சுவர் அசையாது. அந்த வரியில் ஏதேனும் மாறியிருந்தால் சொல் முழுவதையும் மறுபடி அனுப்ப வேண்டும்; கட்டம் கட்டமாக ஒப்பிட்டு மிச்சம் பிடிக்கும் பைட்டுகள் தமிழ் வரியில் பயன் தராது. லாண்டர்னாவின் ஸ்கிரீன் அடுக்கு ஒரு வகுப்புதான். அதை நீட்டித்து இந்த நடத்தையை எழுத முடியும்.

டெர்மினல்களும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. எழுத்துத் தொகுதியை ஒரே அலகாக எண்ணும்படி டெர்மினலைக் கேட்கும் 2027 என்ற இயக்க முறை சில புதிய டெர்மினல்களில் வந்திருக்கிறது. கிட்டி, எம்எல்டெர்ம் போன்றவை இந்திய எழுத்துகளைக் கோத்துக் காட்டுவதில் அக்கறை எடுத்தவை. ஆனால் கர்சர் எவ்வளவு நகர்ந்தது என்பதைத்தான் நிரல் கேட்டறிய முடியும். மை எவ்வளவு தூரம் படிந்தது என்பதைக் கேட்க வழியில்லை. ணௌ, ஐ, னூ போன்ற அகன்ற எழுத்துகள் எழுத்துருவைப் பொறுத்து அடுத்த கட்டத்தின் மேல் வழியலாம். ஒவ்வொரு தமிழ் எழுத்தும் ஒன்று அல்லது இரண்டு கட்டத்துக்குள் துல்லியமாக அடங்கும்படி, டெர்மினலுக்கென்றே வரைந்த நல்ல தமிழ் எழுத்துரு நமக்கு வேண்டும். எழுத்துரு வரையும் கலைஞர்கள் எடுத்துச் செய்யத் தகுந்த பணி இது.

ஜாவா தெரிந்தவர்களிடம் ஒரு கோரிக்கை. எழுத்துத் திரைக்காக எதை எழுதினாலும் அதன் சோதனைகளில் கிளி, கீரி, கொள்ளிடம் என்ற மூன்று சொல்லையும் சேருங்கள். சுவர் ஆடினால் அதை உங்கள் நிரலுக்குள் ஒட்டுப்போட்டு மறைத்துவிடாதீர்கள். லாண்டர்னாவும் ஜேலைனும் திறந்த மூல நிரல்கள். பிழையையும் அது வரும் டெர்மினலின் பெயரையும் எதிர்பார்த்த அகலத்தையும் குறித்து, முடிந்தால் திருத்தத்தையும் சேர்த்து, அவற்றைப் பேணுபவர்களுக்கு அனுப்புங்கள்.